9000 லூமென் என்று போட்டிருக்கும் குட்டி புரொஜெக்டரை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: பெரிய புது டிவிக்கு அவ்வளவு பணம் போட மனமில்லை. அதன் விலையில் ஒரு சின்னப் பங்குக்கே மினி புரொஜெக்டர் கிடைக்கிறது. பெட்டியில் 9000 லூமென், 4கே, 200 இன்ச் என்றெல்லாம் போட்டிருக்கிறது. டிவிக்குப் பதிலாக இதையே வாங்கிவிடலாமா?

டிவிக்குப் பதிலாக என்றால் வேண்டாம். ராத்திரி நேரத்தில், நன்றாக இருட்டாக்கிய அறையில், 60 இன்ச் அளவுக்குப் படம் பார்க்க என்றால் வாங்கலாம். பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் எண்களில் முக்கால்வாசி ஏட்டுச் சுரைக்காய். அதனால் எதை நம்பலாம், எதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் லூமென். ஒரு விளக்கு மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதற்கான அளவு அது. ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமென் தரும். புரொஜெக்டரில் நமக்குத் தெரிய வேண்டியது உள்ளே இருக்கும் எல்இடி எவ்வளவு எரிகிறது என்பதல்ல; லென்ஸைத் தாண்டிச் சுவரில் எவ்வளவு விழுகிறது என்பதுதான். அதை அளக்க 1990களிலேயே ஒழுங்கான முறை வந்துவிட்டது. அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியின் பெயரில் வந்த முறை அது. திரை முழுக்க வெள்ளையைப் போட்டு, திரையை 9 சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் எத்தனை லக்ஸ் (அதாவது ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது) என்று அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். வருகிற எண்தான் ஆன்சி லூமென். ஐஎஸ்ஓ 21118 என்ற சர்வதேசத் தரமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 'ஆன்சி' அல்லது 'ஐஎஸ்ஓ' என்ற சொல் பக்கத்தில் இல்லாமல் வெறுமனே லூமென் என்றோ, 'எல்இடி லூமென்', 'லைட் சோர்ஸ் லூமென்' என்றோ போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

ஏன் மறக்கச் சொல்கிறேன் என்றால், விலை குறைந்த புரொஜெக்டர்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு எல்சிடி தகட்டை வைத்து ஓடுபவை. பின்னால் ஒரு எல்இடி, நடுவில் தகடு, முன்னால் லென்ஸ். எல்சிடி வேலை செய்ய வேண்டுமானால் வெளிச்சம் முதலில் போலரைசரை, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாளைக் கடக்க வேண்டும். அங்கேயே பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். ஒவ்வொன்றும் தன் நிறத்தை மட்டும் விட்டு மற்றதை விழுங்குவதால், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பிக்சல்களுக்கு நடுவே ஓடும் கறுப்புக் கோடுகள் கொஞ்சம் தின்னும். லென்ஸுக்குள் நுழையாமல் சிதறிப்போவது தனிக் கணக்கு. எல்லாம் போக, புறப்பட்ட வெளிச்சத்தில் சிறு பங்கு மட்டுமே சுவர் வரைக்கும் வந்து சேரும்.

நானும் ஒரு காலத்தில் பெட்டியை நம்பி வாங்கியவன்தான். என்னுடையதில் 9500 என்று போட்டிருந்தது. வந்த அன்று ராத்திரியே 100 இன்சுக்குப் படத்தை நிறுத்தி, வெள்ளையைப் போட்டு, இரவல் வாங்கிய லக்ஸ் மீட்டரைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒன்பது இடத்திலும் அளந்தேன். நடுவில் 95 லக்ஸ், கீழ் இடது மூலையில் 38. சராசரி 62. அகலத்திரையில் 100 இன்ச் என்பது 2.76 சதுர மீட்டர். பெருக்கினால் 171 லூமென். மீட்டரில்தான் ஏதோ கோளாறு என்று பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி அளந்தேன். அதே எண்ணை ஒட்டித்தான் வந்தது. பெட்டியில் சொன்னதற்கும் சுவரில் விழுந்ததற்கும் 55 மடங்கு வித்தியாசம்.

லக்ஸ் மீட்டர் இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். அது எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணில் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். என்னுடையது 50 வாட். 50 வாட்டில் 9500 லூமென் என்றால் வாட்டுக்கு 190. வீட்டில் மாட்டுகிற சாதாரண எல்இடி பல்பே வாட்டுக்கு 100 லூமென் சுற்றித்தான் தருகிறது. அதற்கு முன்னால் எல்சிடியும் இல்லை, லென்ஸும் இல்லை. இந்த மலிவு ரகத்தில் லென்ஸுக்கு வெளியே வாட்டுக்கு 10 லூமென் வந்தாலே பெரிய விஷயம்.

சரி, 171 லூமென் என்பது மோசமா? அது எத்தனை இன்சுக்குப் படத்தை விரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் '200 இன்ச்' என்று போடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள். மூலைவிட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதே வெளிச்சம் நான்கு மடங்கு மெலிந்துபோகும். திரையரங்கில் திரையின் பிரகாசம் 48 நிட் (திரை கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கான அளவு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் தர அளவு. என்னுடைய புரொஜெக்டர் 100 இன்சில் தந்தது ஏறக்குறைய 20 நிட். 200 இன்சுக்கு இழுத்தால் 5. படம் தெரியும், ஆனால் பௌர்ணமி ராத்திரியில் பார்ப்பதுபோல இருக்கும். அதையே 60 இன்சுக்குச் சுருக்கினால் 55 நிட்! திரையரங்கு அளவையே தாண்டிவிட்டது. சுருக்கிய அன்றுதான் எனக்கு அந்தப் பொருளின் மேலிருந்த கோபம் தணிந்தது. ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், சாதாரண டிவியே 250, 300 நிட் கொடுக்கும்.

'எங்கள் வீட்டு டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டே பார்க்கலாமா' என்பது அடுத்து எல்லோரும் கேட்பது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அது வெளிச்சம் போடாமல் விடும், அவ்வளவுதான். அங்கே தெரிவது உங்கள் சுவரின் நிறம். விளக்கு எரியும் அறையில் சுவரின் மேல் 100 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். கறுப்பு 100 லக்ஸ். அதன் மேல் புரொஜெக்டரின் 62-ம் சேர்ந்தால் வெள்ளை 162. கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ராத்திரிக் காட்சி வந்தால் திரை முழுக்கச் சாம்பலாகத் தெரியும், வசனம் மட்டும் கேட்கும். பகலில் ஜன்னல் பக்கம் இதைவிடப் பல மடங்கு வெளிச்சம் வரும், அதைப் பேசவே வேண்டாம். அறையை இருட்டாக்கி, சுவரில் 5 லக்ஸ் மட்டும் கசிய விட்டாலும் விகிதம் 13-க்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் கனமான திரைச்சீலையை முதலில் வாங்குங்கள், புரொஜெக்டரை அப்புறம் பார்க்கலாம் என்கிறேன். எதிர்ச்சுவரும் கூரையும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் படத்தின் வெளிச்சமே அங்கே பட்டுத் திரும்பி வந்து கறுப்பைக் கெடுக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது 4கே. 'சப்போர்ட்' என்ற சொல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். '4கே சப்போர்ட்' என்றால் 4கே கோப்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், தன்னிடம் இருக்கிற பிக்சல்களுக்குச் சுருக்கிக் காட்டும் என்றுதான் அர்த்தம். நீங்கள் கேட்க வேண்டியது நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது தகட்டில் உண்மையிலேயே இருக்கும் பிக்சல் எண்ணிக்கை. விலை மிகக் குறைந்தவற்றில் அது 800×480-ஆக இருக்கும், அதாவது 3,84,000 பிக்சல். முழு எச்டி என்பது 1920×1080, 20 லட்சத்துக்கு மேல். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். 100 இன்சுக்குப் படத்தை நிறுத்தி, கூர்மையாக ஃபோகஸ் செய்து, மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்துக்குப் போங்கள். மீன்வலை மாதிரிக் கட்டங்கள் தெரியும். 10 செ.மீ. நீளத்துக்குள் குறுக்காக எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். 36 சுற்றி வந்தால் 800 அகலம். 58 வந்தால் 1280. 87 வந்தால் உண்மையிலேயே முழு எச்டி. நடுப்பகுதியில் எண்ணுங்கள், மூலையில் ஃபோகஸ் இருக்காது. இந்த லென்ஸ்களில் நடுவில் கூர்மையாக வைத்தால் மூலை மங்கும், மூலையைச் சரிசெய்தால் நடு மங்கும். சூடேறியபின் கால் மணி நேரத்தில் ஃபோகஸ் தானாகவே நகர்ந்துவிடுவதும் உண்டு. எழுந்துபோய்த் திருகிவிட்டு வரத்தான் வேண்டும்.

கீஸ்டோன் பற்றியும் ஒரு வார்த்தை. புரொஜெக்டரைச் சாய்த்து வைத்தால் படம் கூம்பிப் போகும். அதை நேராக்கித் தரும் வசதி அது. பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது படத்தைப் பிக்சல் தகட்டுக்குள்ளேயே வெட்டிச் சுருக்கித்தான் நேராக்குகிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிக்சல்களில் இன்னும் கொஞ்சம் போகும், சப்டைட்டில் எழுத்துகள் பிசிறடிக்கும். கூடுமானவரை சுவருக்கு நேர் எதிரே, சரியான உயரத்தில் வையுங்கள். தூரமும் முன்பே கணக்குப் போட வேண்டிய விஷயம்: த்ரோ ரேஷியோ 1.3 என்றால் படத்தின் அகலத்தைப்போல 1.3 மடங்கு தூரம் வேண்டும். 100 இன்ச் படத்தின் அகலம் 2.2 மீட்டர், ஆக 2.9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சின்ன அறையில் அந்த இடத்தில் கட்டிலோ அலமாரியோதான் இருக்கும்.

எச்டிஆர் (மிகப் பிரகாசமான திரைகளுக்கென்று வந்த பட முறை), கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம்) 10000:1 என்பதையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். 20 நிட் திரையில் எச்டிஆர் போட்டால் படம் இருண்டுதான் போகும். செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, தூசி. உள்ளே இருக்கும் எல்இடி அடுப்புபோலச் சுடும், எல்சிடி தகட்டைக் குளிர வைக்க ஃபேன் வெளிக்காற்றை உறிஞ்சி அதன் மேலேயே ஊதும். காற்றோடு தூசியும் வரும். நாலாவது மாதம் என் திரையில், நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கம், பட்டாணி அளவுக்குச் சாம்பல் புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்தது. யார் குளோஸப்பில் வந்தாலும் கன்னத்தில் மச்சம். பொறுக்க முடியாமல் ஆறு ஸ்க்ரூவைக் கழற்றி, காமிரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பல்பால் ஊதினேன். அந்தப் புள்ளி போனது, புதிதாக இரண்டு வந்தன. அடுத்த வருடம் போலரைசர் தாளே வெந்து, படத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு தேமல் படர்ந்தது. எல்இடி 30,000 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை. எல்இடி இன்னும் நன்றாகத்தான் எரிகிறது. அதைச் சுற்றியிருந்ததெல்லாம்தான் போய்விட்டது. வாங்குவதானால் 'சீல்டு ஆப்டிக்கல் என்ஜின்', அதாவது தூசி புகாமல் மூடிய அமைப்பு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

ஃபேன் சத்தத்தையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே டப்பாவுக்குள்தான் சண்டை போடுகின்றன. ரகசியம் பேசுகிற காட்சிகளில் ஃபேன் ஜெயிக்கும். தனி ஸ்பீக்கர் வேண்டும், அதையும் ஒயர் போட்டு இணையுங்கள். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வருவதால், வாய் மூடியபின் வசனம் கேட்கும்.

மென்பொருள் பக்கம் வந்தால் எனக்கு உண்மையிலேயே பயம்தான். மலிவுப் புரொஜெக்டர்களில் ஆண்ட்ராய்டு இருக்கும், ஆனால் கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவியாக இருக்காது. அதனால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஓடாமல் போகலாம், ஓடினாலும், படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பின் கீழ்நிலையான எல்3 மட்டுமே இருந்தால் படம் பெரும்பாலும் 480பி-யோடு நின்றுவிடும். இது எரிச்சல் மட்டும்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலையைப் பற்றி எச்சரிக்கை விட்டது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரலோடு வந்தோ, முதல்முறை அமைக்கும்போது இறக்கிக்கொள்ளும் செயலிகள் வழியாகவோ சாதனம் மாட்டிக்கொள்கிறது. பிறகு உங்கள் வீட்டு இணைய இணைப்பை வேறு யாரோ தங்கள் குற்றங்களுக்கு முகமூடியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த எச்சரிக்கைப் பட்டியலில் டிவி பெட்டிகளோடு டிஜிட்டல் புரொஜெக்டர்களும் பெயர் சொல்லியே இருந்தன.

இதற்கு நான் செய்வது எளிது. புரொஜெக்டருக்கு வைஃபை கடவுச்சொல்லையே கொடுப்பதில்லை. என் கணக்கு எதையும் அதில் திறப்பதில்லை. நல்ல நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகிவிட்டால், புரொஜெக்டர் வெறும் விளக்காகவும் லென்ஸாகவும் இருந்துவிட்டுப் போகும். நாளைக்கு அது செத்தாலும் ஸ்டிக் கையில் இருக்கும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்போனை உள்ளே வைத்தால் சுவரில் பெரிய திரை வரும் என்று அட்டைப் பெட்டியும் பூதக்கண்ணாடியும் சேர்ந்த ஒன்றை விற்கிறார்கள். 500 நிட் பிரகாசமுள்ள போன் திரை மொத்தமாக வெளிவிடுவதே 16, 17 லூமென்தான். மெழுகுவத்தியைவிடக் கொஞ்சம் அதிகம். அதிலும் லென்ஸ் பிடிப்பது ஒரு பகுதி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒளியியல் சொல்லிக்கொடுக்க நல்ல பொம்மை. படம் பார்க்க அல்ல.

அப்படியானால் எதை வாங்குவது? கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால், ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ முறையில் 400, 500 லூமென் என்று வெளிப்படையாகச் சொல்லும் சிறிய டிஎல்பி புரொஜெக்டர். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸில் லேரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லுதான் இவற்றின் இதயம். பிக்சலுக்கொன்றாகக் குட்டிக் கண்ணாடிகள் சாய்ந்து நிமிர்ந்து வெளிச்சத்தைத் திருப்பிவிடும். போலரைசர் இல்லாததால் அந்த வெந்துபோகும் தொல்லையும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டுவதால் சிலர் கண்ணுக்கு மட்டும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் மின்னும். வாங்குமுன் ஒருதடவை பார்த்துவிடுங்கள், கண்டு பழகிவிட்டால் பிறகு மறக்க முடியாது.

என்னைக் கேட்டால், அதே மலிவுப் பணத்துக்குப் பழைய அலுவலகப் புரொஜெக்டர் இன்னும் நல்ல பேரம். கூட்ட அறைகளிலிருந்து கழித்துக்கட்டியவை, 1024×768, ஆன்சி அளவிலேயே 2500, 3000 லூமென். என் குட்டியைவிடப் பதினைந்து மடங்கு வெளிச்சம். அழகில்லை, பெரிய உடம்பு, படம் பழைய 4:3 அளவு, விளக்கு சில ஆயிரம் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வாங்குமுன் மெனுவில் விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், புது விளக்கின் விலையையும் விசாரியுங்கள். சிலவற்றுக்கு விளக்கு புரொஜெக்டரைவிட விலை கூடுதல். எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்பதையும்.

சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் என்பதால் கண்ணுக்கு நல்லது என்பார்கள். திரும்பிய வெளிச்சம் என்பதால் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. பிரகாசம் குறைவு, தள்ளி உட்கார்கிறோம். அதனால் சிலருக்கு இதமாக இருக்கிறது. குழந்தைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் நான் இன்னொன்று வாங்கினேன், இந்தத் தடவை ஆன்சி அளவைப் பார்த்து. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும், அறையில் டிவி நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது பிடிக்காதவர்களுக்கும், படுத்துக்கொண்டே கூரையில் படம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் டிவியால் செய்ய முடியாததை இது செய்யும். ஆனால் தினமும் செய்தி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பகலில் ஆட்டம் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்க வேண்டும் என்றால், இதே பணத்துக்கு வருகிற 32 இன்ச் டிவி மேல்.

வாங்கிவிட்டால், வந்த அன்று ராத்திரியே லக்ஸையும் பிக்சலையும் அளந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு ஃபோகஸ் நகர்கிறதா, ஃபேன் எப்படிக் கத்துகிறது என்று கேளுங்கள். முழுக் கறுப்பைப் போட்டு மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிகிற வரைக்கும் அந்த அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.